தனியார் என்றொரு ஆள்

நம் பத்திரிகை ஊழியர் மலரின் இந்தப் பகுதியில் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. செய்தியாளர் வேலையை விட்டுவிட்டு ஒரு கல்லூரியில் இதழியல் பாடம் எடுக்கப் போய்விட்டேன். அந்த வகையில் நம் பெங்களூர் டெஸ்க்குக்கு நானும் ஓய்வு பெற்றவன்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பு வைப்பது, பேட்டி எடுப்பது எல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தச் சொல் 'தனியார்'.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அது உங்கள் விரலுக்கு வந்துவிடும். யாரும் கற்றுத் தர மாட்டார்கள். கல்லூரிப் பேருந்து யார் மீதாவது மோதினால் 'தனியார் கல்லூரிப் பேருந்து'. ஆஸ்பத்திரியில் நோயாளி இறந்து உறவினர்கள் மறியல் செய்தால் 'தனியார் மருத்துவமனை'. அதே மருத்துவமனை இலவச கண் முகாம் நடத்தினால் முழுப் பெயர், கூடவே நிர்வாக இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றும் படம். நல்லது நடந்தால் பெயர், கெட்டது நடந்தால் தனியார். இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் எங்களில் யாராவது எதிர்த்திருப்போம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நீலசந்திராவில் வீடு. அம்மா கட்டட வேலையில் சித்தாள், மண்ணும் ஜல்லியும் சுமப்பவள். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன் பேப்பரைப் படித்துக் காட்டச் சொல்வாள். மகன் பேர் வந்திருக்கிறதா என்பதுதான் அவளுக்கு முக்கியம். பிறகு மற்றதையும் கேட்க ஆரம்பித்தாள். ஒரு நாள் தலையில் சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, யார்ரா இந்தத் தனியாரு?"

"எந்தத் தனியாரு?"

"தெனமும் வர்றானே. பஸ்ஸ கொண்டு போயி மோதறான். ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக் கொல்றான். ஃபீஸு கட்டலன்னு புள்ளைங்கள வெளிய நிறுத்தறான். எல்லாத்துலயும் அவன்தான். இத்தினி பண்றவன போலீஸு ஏன் புடிக்கல?"

பெயரின் முடிவில் 'ஆர்' இருப்பதால் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்திருக்கிறாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அலுவலகத்தில் போய்ச் சொன்னேன், டெஸ்க்கே சிரித்தது. அதன்பிறகு விளம்பரதாரர் யாராவது செய்தியைப் பற்றிப் பேச போன் செய்தால், எடுத்தவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "தனியார் லைன்ல இருக்காரு" என்பார். அப்படி அம்மா சொன்னது எங்கள் அலுவலக ஜோக் ஆகிவிட்டது. ஜோக்காக இருந்த வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை.

அது மழைக்காலம். பெங்களூருக்கு வெளியே ஆனேக்கல் போகும் வழியில் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நண்பகலில் மண்சுவர் சரிந்து மூன்று பேர் மேல் விழுந்தது. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மூவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து நீலசந்திராவில் தங்கி வேலை செய்தவர்கள். தமிழ்ப் பேப்பர் என்பதால் நமக்குப் பெரிய செய்தி. பொறுப்பாசிரியர் என்னை அனுப்பினார்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சடலங்களை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வாசலில் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பெரிய வளைவு. இரண்டு பேர் ஏணி வைத்து ஏறி, அந்தப் பெயர் மேல் பச்சை வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்திலிருந்து கல் விழாமல் இருக்கக் கட்டுவார்களே, அந்த வலை. சற்றுத் தள்ளி அந்தக் குழி தெரிந்தது. மண் சரியாமல் தாங்குவதற்கு அதில் ஒரு பலகைகூட வைக்கவில்லை.

வாசலில் நின்ற செக்யூரிட்டி, போட்டோ எடுக்க வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிக் கையை நீட்டி மறித்தார். "சார், போட்டோ பேடா."

"பேரை எதுக்கு மூடறாங்க?"

"பெயின்ட், பெயின்ட்."

"மழையிலயா?"

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "தமிழா நீங்க? அப்ப தமிழ்லயே சொல்றேன். எனக்கு வேலை போயிடும் சார், போங்க."

அங்கிருந்து ஆனேக்கல் அரசு மருத்துவமனைக்குப் போனேன். பிழைத்த இளைஞன் காலில் கட்டோடு படுத்திருந்தான். அவன் சொன்னதை போனில் பதிவு செய்தேன். "மண்ணு ஈரமா இருக்கு, ரெண்டு நாள் காயட்டும்னு மேஸ்திரி சொன்னாருண்ணா. வெள்ளத் தொப்பி போட்ட சைட் இன்ஜினியர் கேக்கல. ஞாயித்துக்கிழமை மந்திரி வந்து மொத கான்கிரீட் போடறாரு, அதுக்குள்ள ஆழம் வந்தாகணும், பயமா இருந்தா சொல்லு, வேற மேஸ்திரி இருக்கான்னாரு."

"மேஸ்திரி என்ன செஞ்சாரு?"

அவன் சுவரைப் பார்த்தான். "என்ன செய்வாரு. எறங்குங்கடான்னாரு. எறங்கினோம்."

வெளியே வந்தபோது பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். மேஸ்திரியின் மனைவி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர், அம்மா பல வருடம் அந்த மேஸ்திரியிடம் சித்தாளாக வேலை செய்திருக்கிறாள். போலீஸ் வீட்டுக்கு வந்து போனதாகவும், கணவர் எங்கே இருக்கிறார் என்று தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னார். அழவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பேப்பர்ல அவரு பேரு வருமா?"

"போலீஸ் குடுத்தா வரும் அக்கா."

"அவரு பேரு மட்டுமா? கம்பெனி பேரும் வருமா?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"அவரு பேரு மட்டும் வந்துச்சுன்னா அதோட முடிஞ்சிது தம்பி. ஆளு கெடச்சிட்டான்னு எல்லாரும் கைய கழுவிடுவாங்க. அவரு தப்பே பண்ணலன்னு நான் சொல்ல வரல. அவரு ஒருத்தரே பண்ணலன்னுதான் சொல்றேன்."

எதுவும் வாக்குக் கொடுக்காமல் பஸ் ஏறினேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுக்காததற்காக மனசு அடித்துக்கொள்ளும், அதையும் தடுக்க முடியாது.

பஸ்ஸில் இரண்டு விஷயங்கள் போனுக்கு வந்தன. முதலில் காவல்துறையின் பிரஸ் நோட். கன்னடத்தில் ஒரு பக்கம். மேஸ்திரியின் பெயர், வயது, தெரு எல்லாம் இருந்தன. அலட்சியமாக வேலை வாங்கியதாக அவர் மேல் வழக்கு. இடத்தைப் பற்றி 'கட்டட வேலை நடக்கும் இடம்' என்று மட்டும் இருந்தது. சொந்தக்காரரே இல்லாமல் மழைக்கு முளைத்த கட்டடம் போல.

இரண்டாவதாக எங்கள் விளம்பர மேலாளர் கூப்பிட்டார்.

"பிரதர், ஆனேக்கல்ல இருக்கீங்களா? ஒண்ணும் இல்ல, சும்மாதான். ஞாயித்துக்கிழமை ஜாக்கெட் யாருதுன்னு தெரியும்ல?"

முதல் பக்கத்தையே மூடிக்கொண்டு வரும் முழுப்பக்க விளம்பரத்தைத்தான் ஜாக்கெட் என்போம். அது அந்தக் கட்டுமான நிறுவனத்தினுடையது என்று எனக்குத் தெரியும்.

"நியூஸ் போடாதீங்கன்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா? தாராளமா போடுங்க. ரெண்டு உசுரு போயிருக்கு, போடாம இருக்க முடியுமா? பேரு மட்டும் வேணாம். ஒரு வார்த்தைதானே பிரதர்."

இவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் நம் பதிப்பை இழுத்து மூடாமல் இருந்ததற்கு இந்த மனிதரின் ஸ்கூட்டர்தான் காரணம். முகக்கவசத்தோடு கடை கடையாக ஏறி இறங்கி விளம்பரம் வாங்கி வந்து எங்கள் சம்பளத்தைக் காப்பாற்றினார். அந்த நன்றி எங்கள் எல்லோருக்கும் உண்டு. நம் கையைக் கட்டுவது பெரும்பாலும் பயமில்லை, இந்த நன்றிதான்.

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே அன்று நம் அலுவலகம் இருந்தது. நான் போனபோது சாயங்காலம். பக்கத்தை மூடி அச்சுக்கு அனுப்ப அதிக நேரமில்லை. பொறுப்பாசிரியர் மேசையில் வழக்கமான வேர்க்கடலைப் பொட்டலம். அவர் கடலை தின்றுகொண்டே வேலை பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பக்கம் வடிவமைக்கும் அக்கா கணினி முன்னால் இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார். விளம்பர மேலாளர் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த இடத்தில் அவர் நிற்பது அதற்கு முன் நடந்ததில்லை.

நான் உட்கார்ந்து அடித்தேன். பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்தவன் நான். என் விரல்கள் அடித்த முதல் வரி: 'ஆனேக்கல் அருகே தனியார் கட்டுமான நிறுவனம் சார்பில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்பட்டு வருகிறது.' அதிலிருந்து மூன்றாவது வரியில் மேஸ்திரியின் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, நீலசந்திரா, தெருப் பெயர்.

இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தேன். அம்மாவுக்கு நாளைக் காலையில் இதைத்தான் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. மேஸ்திரியின் பெயர் இருந்த இடத்தை அழித்தேன்.

என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார், "என்னப்பா, போலீஸ் குடுத்த பேரை எடுக்கற?"

"அவரும் தனியார்தான் அக்கா."

"என்னது?"

"மேஸ்திரியும் அரசாங்க ஊழியர் இல்லையே. அவரும் தனியார்தான். கம்பெனி தனியார்னா மேஸ்திரியும் தனியார். தனியார் மேஸ்திரி மீது வழக்குன்னு போடலாம்."

அக்கா சிரித்துவிட்டார். மேலாளரும் சிரித்தார். பொறுப்பாசிரியர் சிரிக்கவில்லை. கடலைப் பொட்டலத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"மேஸ்திரி உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"தெரியும் சார். அம்மா அவர்கிட்ட வேலை செஞ்சிருக்காங்க. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

"பாத்தீங்களா சார்" என்றார் மேலாளர். "தம்பி ஃபீலிங்ஸ்ல பேசறாரு. அதான் சொல்றேன்."

"எழுந்திரு" என்றார் பொறுப்பாசிரியர்.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். "நீ சொல்லு, நான் அடிக்கறேன். தெரிஞ்சவங்க விஷயத்துல உன் கை வேணாம். ஆனா நீ கேட்டது நியாயமான கேள்வி." அக்காவிடம் திரும்பி, "அந்தப் பையன் படுத்திருக்கற வார்டுக்கு நீ ஒரு போன் போட்டு, இவன் சொல்றதும் அவன் சொன்னதும் ஒண்ணான்னு கேளு" என்றார்.

அக்கா கேட்டார். ஒரே வார்த்தைகள்தான். 'எறங்குங்கடா' உட்பட.

"சார், அந்தக் கடைசி வரி வேணுமா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். "அது மேஸ்திரிக்கு எதிராப் போகும்."

"அது இல்லன்னா, இன்ஜினியர் சொன்னதும் நம்பற மாதிரி இருக்காது. ரெண்டும் ஒரே பையன் வாயில இருந்து வந்தது. பாதியை மட்டும் எடுத்துக்கறதுக்குத்தான் பிரதர் இங்க நிக்கறாரு. நீயும் அதையே கேட்டா எப்படி?"

காது வரைக்கும் சுட்டது. இன்றும் அதை நினைத்தால் சுடுகிறது.

அவர் அடித்து முடித்துவிட்டு மேலாளரைப் பார்த்தார். "பிரதர், தம்பி சொன்ன மாதிரியே செஞ்சிடலாம். கம்பெனி பேரும் வேணாம், மேஸ்திரி பேரும் வேணாம். ரெண்டு பேரும் தனியார். பையன் சொன்னது அப்படியே வரும். சம்மதமா?"

மேலாளர் முகம் தெளிந்தது. "இது போதும் சார். ரொம்ப தேங்க்ஸ்." போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கீழே பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் அவர் பேசுவது கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது மட்டும் தெரிந்தது. திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"சார், ஒரு சின்ன விஷயம். அவங்க மேஸ்திரி பேரு வரணும்னு சொல்றாங்க."

"ஏன்?"

"போலீஸே குடுத்த பேரு, நீங்க ஏன் மறைக்கறீங்கன்னு கேக்கறாங்க. பேரே இல்லாம வந்தா, படிக்கறவன் கம்பெனியத்தான் நெனைப்பானாம்."

அதுவரை அவர்கள் தங்கள் பெயரை மறைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. அந்த இடத்தில் நிறுத்த அவர்களுக்கு இன்னொரு பெயர் வேண்டியிருந்தது. பேப்பர் அதைச் செய்து தர வேண்டும். மேஸ்திரியின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் சொன்னது இதைத்தான்.

பொறுப்பாசிரியர் குரலை உயர்த்தவில்லை. "நாம எப்படி பிரதர் சொல்றது, மேஸ்திரிதான் காரணம்னு? நாம பாக்கலையே. அவங்க சொல்றாங்கன்னா எழுதித் தரச் சொல்லுங்க. போட்டுடறேன்."

"எழுதித் தந்தா போடுவீங்களா?"

"விளக்கம் குடுத்தா போடறது நம்ம கடமை."

மேலாளர் மறுபடி பால்கனிக்குப் போனார். நான் பொறுப்பாசிரியரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண் விழுந்து செத்தவர்களை விட்டுவிட்டு, கொன்றவர்களின் விளக்கத்துக்கு இடம் ஒதுக்குகிறாரே என்று கோபம் வந்தது. ஒரு நிமிடம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இறங்கியிருந்தால் அடுத்து நடந்ததைப் பார்த்திருக்க மாட்டேன். இளம் வயதில் நமக்கு இருக்கும் பெரிய ஆபத்து, சரியான கோபத்தோடு தவறான நிமிடத்தில் வெளியேறிவிடுவது.

பக்கம் மூட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. கடைசியில் மேலாளரின் மெயிலுக்கு விளக்கம் வந்தது. அவரே அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். நிறுவனத்தின் முத்திரைத் தாள், மக்கள் தொடர்பு அதிகாரியின் கையெழுத்து. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழிலும் யாரோ மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரியின் பெயரைக் குறிப்பிட்டு, குழி தோண்டும் பொறுப்பு முழுவதும் அவருடையதே என்று இருந்தது.

"நல்லா இருக்கே" என்றார் பொறுப்பாசிரியர். "திருத்தணுமா?"

"ஐயோ வேணாம் சார். ஒரு வார்த்தை மாத்தாமப் போடணும்னு சொல்லியிருக்காங்க. வக்கீல் பாத்து அனுப்பினதாம்."

"மாத்த மாட்டேன்." தாளை அக்காவிடம் கொடுத்தார். "ஒரு எழுத்து மாறக் கூடாது. தலைப்பு மட்டும் நான் சொல்றேன். 'மண் சரிவுக்கு மேஸ்திரியே காரணம்'. அடுத்த வரியில கம்பெனி பேரு, அப்புறம் 'விளக்கம்'. அந்தப் பையன் சொன்னது இடது பக்கம், இவங்க சொன்னது வலது பக்கம். ரெண்டும் ஒரே உயரம்."

அக்கா அடிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே நிறுவனத்தின் பெயர். நடுவில் இரண்டு முறை. கடைசியில், தரத்துக்கும் பாதுகாப்புக்கும் பெயர் பெற்ற நிறுவனம் என்று இன்னொரு முறை. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, "என் சர்வீஸ்ல ஒரு பேரை இத்தனை தடவை அடிச்சதே இல்ல" என்றார்.

அப்போதுதான் மேலாளருக்கு உறைத்தது. "சார்... பேரு வருதே சார்."

"அவங்களே குடுத்தது பிரதர்."

"தனியார் நிறுவனம் விளக்கம்னு போடக் கூடாதா?"

"பேரில்லாத ஆளு விளக்கம் குடுத்தாருன்னு போட்டா வாசகன் சிரிப்பான். அது மட்டும் இல்ல, ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "விளையாடாதீங்க சார். ஜாக்கெட் போயிடும். ஜாக்கெட் போனா நான் போயிடுவேன்."

"தெரியும்" என்றார் பொறுப்பாசிரியர். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை.

அடுத்து மந்திரியின் உதவியாளரிடமிருந்து போன். பொறுப்பாசிரியர் எடுத்தார். கன்னடத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. ஆமாம் சார், கிடைத்தது சார். இல்லை சார், நாங்களாக ஒன்றும் எழுதவில்லை, அவர்கள் கொடுத்ததுதான். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக, "விளக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் சார். 'விளக்கம் கொடுத்து, பிறகு திரும்பப் பெற்றது' என்று போடுவேன். எது வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள், பக்கத்தை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறேன்" என்றார்.

போனை வைத்ததும், மறுபடி அடிக்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் தைரியசாலிகளைப் பற்றிக் கதை கேட்டிருப்பீர்கள். நான் நேரில் பார்த்த தைரியத்துக்கு வீட்டுக் கடன் இருந்தது, கல்யாணத்துக்கு நிற்கும் மகள் இருந்தாள்.

பதில் போன் வரவில்லை. பக்கம் போனது.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இவ்வளவு எழுதியும் நான் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது, இது செய்தியும் இல்லை. அதனால்தான் மேஸ்திரியின் பெயரையும் எழுதவில்லை. அன்று பிடித்த விதி இன்றும் அதுதான்: இருவருக்கும் உண்டு, அல்லது இருவருக்கும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஆவணப் பிரிவில் பழைய பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மறுநாள் மற்ற பேப்பர்களில் மேஸ்திரியின் பெயர் மட்டும் இருந்தது. நம்முடையதில் இரண்டும் இருந்தன, பக்கத்தில் அந்தப் பையன் சொன்னதும் இருந்தது. தொழிற்சங்கத்துக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, காவல் நிலைய வாசலில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரம் எஃப்.ஐ.ஆரில் சைட் இன்ஜினியரும் நிறுவனமும் சேர்க்கப்பட்டார்கள். மந்திரி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஜாக்கெட்டும் வரவில்லை, அது வேறொரு பேப்பரை மூடிக்கொண்டு வந்தது. விளம்பர மேலாளருக்கு வேலை போகவில்லை, ஆனால் அதன்பின் அவர் என்னை பிரதர் என்று கூப்பிட்டதில்லை. பொறுப்பாசிரியரை நிர்வாக வசதிக்காகத் தமிழ்நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஒரு பதிப்புக்கு மாற்றினார்கள். கிளம்பும் நாளில் இழுப்பறையைக் காலி செய்யும்போது, மடித்து வைத்த அந்தக் கடலைப் பொட்டலம் கிடைத்தது. நமுத்துப் போயிருந்தது. "வேணுமா?" என்று என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான் பிரிவு உபசாரம்.

ஆனால் இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று அவர்கள் பேராசைப்பட்டு மாட்டிக்கொண்டார்கள். இன்னொருவர் மேல் பழி வர வேண்டும் என்று கேட்காமல், தங்கள் பெயரை மட்டும் மறைக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால், இரண்டு பேரும் தனியாராகவே பக்கம் போயிருக்கும். நாங்களும் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துத் தூங்கியிருப்போம். எல்லோரும் அப்படி மாட்டிக்கொள்ள மாட்டார்கள். உங்களிடம் யாரும் பொய் எழுதச் சொல்லப் போவதில்லை. என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. ஒரு வார்த்தைதானே என்பார்கள். அந்த வார்த்தையை அடிக்கும்போது, அதே செய்தியில் யாருடைய பெயர் முழுசாக இருக்கிறது என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மேஸ்திரி நீதிமன்றத்தில் சரணடைந்து சிறைக்குப் போனார். இன்ஜினியருக்கு அதற்கு முன்பே முன்ஜாமீன் கிடைத்துவிட்டது. மேஸ்திரியின் ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடி ஆனது. அந்த நாட்களில் அவர் மனைவி காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் பேப்பர் படிக்கும்போது வழக்கைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு நாள் அப்படி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த செய்தியைப் படித்தேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்துவிட்டார், தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில். எழுதியது நானில்லை, நம் டெஸ்க்தான்.

அம்மா சும்மாட்டுத் துணியைச் சுற்றுவதை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அந்தத் தனியாரு அதுக்குள்ள ஜாமீன்ல வந்துட்டானா?"